அடுத்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேஷன் பத்திரிகைகளை நடத்தும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், ஆசிரியர் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஒரு ஆசிரியர் விலகுகிறார் என்றதும் உங்கள் கூட்டங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப எழுகிறது. இந்த முறை நல்ல ரசனை உள்ள படைப்பாளியைக் கொண்டுவருவதா, இல்லை கணக்கு வழக்கு தெரிந்த, ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்த நிர்வாகியைக் கொண்டுவருவதா? நான் பல வருடங்கள் இப்படிப்பட்ட பத்திரிகைகளின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்தவள். படப்பிடிப்புக்குத் துணி மூட்டை சுமக்கும் உதவியாளராக ஆரம்பித்து, பக்கங்களுக்குப் பொறுப்பேற்று முடித்துக் கொடுக்கும் இடம் வரை வந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேள்வியே கோணலாக இருப்பதால்தான் உங்களுக்குக் கிடைக்கிற பதிலும் கோணலாகப் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

பேஷன் பத்திரிகை ஆசிரியர் துணி தைப்பதில்லை. படம் எடுப்பதில்லை. லேஅவுட், அதாவது பக்க அமைப்பு, போடுவதும் பெரும்பாலும் வேறொருவர்தான். அவர் பெயரில் அச்சாகிற எழுத்து என்று பார்த்தால் முன்பக்கத்தில் வரும் ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். அப்படியானால் அவருடைய படைப்பு என்று எதைச் சொல்வது? யாரிடம் எந்த வேலையைக் கொடுக்கிறார், அவர்கள் கொண்டுவந்ததில் எதை வைத்துக்கொள்கிறார், எதைத் தூக்கிப் போடுகிறார், வைத்துக்கொண்டதற்காக யார் யாரிடம் சண்டை போடுகிறார், இதுதான். ஆட்களை நடத்துவதும் கற்பனை செய்வதும் இந்த வேலையில் தனித்தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவரைத் தேடினால் அரை ஆசிரியர்தான் கிடைப்பார்.

கார்மல் ஸ்னோவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த ஆசிரியர் அவர்தான், அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன். 1932-ல் அமெரிக்காவின் வோக் பேஷன் பத்திரிகையை விட்டுவிட்டு அதன் நேர்ப் போட்டியாளரான ஹார்ப்பர்ஸ் பஜாருக்குப் போனார், 1934-ல் ஆசிரியர் ஆனார், 1958 வரை இருந்தார். அந்தக் காலத்து பேஷன் படங்கள் எப்படி இருந்தன என்று பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும்: ஸ்டூடியோ, விளக்கு, தூணில் சாய்ந்தபடி அசையாமல் நிற்கும் ஒரு பெண். அந்த நேரத்தில் ஹங்கேரியிலிருந்து வந்த மார்ட்டின் முங்காச்சி என்ற புகைப்படக்காரரைக் கூப்பிட்டு நீச்சலுடைப் படம் எடுக்கச் சொன்னார் ஸ்னோ. முங்காச்சி விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவர், பேஷன் படம் எடுத்துப் பழக்கமில்லை. அவர் குளிர்காற்று அடிக்கும் கடற்கரையில் மாடலை கேமராவை நோக்கி ஓடிவரச் சொன்னார். 1933 டிசம்பர் இதழில் அந்தப் படம் வந்தது. பேஷன் பக்கத்தில் ஒரு பெண் ஓடுவதைப் பார்ப்பது வாசகர்களுக்குப் புதிது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ புகைப்படக்காரர்கள், ரிச்சர்ட் அவெடான் உட்பட, அந்த ஓட்டத்திலிருந்து கற்றுக்கொண்டவர்கள்.

ஸ்னோ அதோடு நிற்கவில்லை. 1934-ல் அலெக்ஸி ப்ரோடோவிச்சைப் பார்த்துக் கலை இயக்குநராகக் கூட்டிவந்தார். பக்கத்தில் வெள்ளை இடத்தை அப்படியே விடலாம், படத்தை ஓரத்தில் வெட்டலாம், எழுத்தையும் படத்தையும் ஒன்றோடொன்று ஆடவிடலாம் என்று காட்டியவர் ப்ரோடோவிச். 1936-ல் டயானா வ்ரீலண்டைக் கொண்டுவந்தார். வ்ரீலண்டுக்குப் பத்திரிகை அனுபவம் என்று ஒன்றுமே கிடையாது, ஒரு விருந்தில் அவர் உடுத்தியிருந்த விதத்தைப் பார்த்துத்தான் ஸ்னோ அவரை அழைத்தார் என்று வ்ரீலண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போருக்குப் பிறகு இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவெடானுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். 1955-ல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில் பிரெஞ்சு ஆடை நிறுவனமான டியோரின் கவுன் அணிந்த மாடலை யானைகளுக்கு நடுவே நிறுத்தி அவெடான் எடுத்த படத்தை இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் மாட்டி வைத்திருக்கின்றன.

இதில் எந்த ஒன்றையும் ஸ்னோ தன் கையால் செய்யவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் இதில் எதுவும் அந்தப் பத்திரிகையில் நடந்திருக்காது. விளையாட்டுப் புகைப்படக்காரரிடம் நீச்சலுடையையும், அனுபவமில்லாத ஒரு பெண்ணிடம் பேஷன் பக்கங்களையும் கொடுத்துப் பார்க்கிற துணிச்சலைத்தான் நான் படைப்பு என்கிறேன். அப்படிக் கொடுத்த பிறகு அவர்களுக்குத் தோள் கொடுத்து நிற்பதைத் தலைமை என்று நீங்கள் தனியாக ஒரு கட்டத்தில் எழுதிக்கொள்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே செயலின் இரண்டு நேரங்களாகத்தான் தெரிகின்றன.

சரி, உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். வ்ரீலண்டின் கதையை நான் மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். ஸ்னோ ஓய்வு பெற்றபோது பஜாரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருந்த வ்ரீலண்டுக்கு அந்த நாற்காலி போகவில்லை, ஸ்னோவின் உறவுக்காரப் பெண்ணுக்குப் போயிற்று. வ்ரீலண்ட் வோக் பக்கம் நகர்ந்தார், 1963-ல் அதன் ஆசிரியர் ஆனார். அடுத்த சில வருடங்கள் அந்தப் பத்திரிகை கண்ட கனவுகளை இன்று யாராலும் கணக்குப் போட்டுச் செய்ய முடியாது. 1966-ல் ரோமத்தோல் உடைகளைக் காட்டுவதற்காக ஒரு குழுவையே ஜப்பானின் பனிமலைகளுக்கு வாரக்கணக்கில் அனுப்பிவைத்தார். பக்கங்கள் பிரமாதமாக இருந்தன. ஆனால் செலவு ஏறியது, எழுபதுகள் பிறந்ததும் விளம்பரம் இறங்கியது, அலுவலகத்துக்குப் போகத் தொடங்கியிருந்த வாசகிகள் இதில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1971-ல் அவரை வெளியே அனுப்பினார்கள்.

அடுத்து வந்தவர் கிரேஸ் மிரபெல்லா, வ்ரீலண்டிடமே உதவியாளராக இருந்தவர். ஆர்ப்பாட்டம் இல்லாதவர். வேலைக்குப் போகிற பெண் காலையில் எதை எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்பதிலிருந்து யோசித்தவர். அவர் காலத்தில் சுமார் 4 லட்சமாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது. அமெரிக்க வோக் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்ணாக பெவர்லி ஜான்சன் வந்ததும் அவர் காலத்தில்தான், 1974 ஆகஸ்டில். இப்படி 17 வருடம் நடத்திய ஒருவர் வேலையை விட்டு நீக்கப்பட்ட செய்தி 1988-ல் அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? தொலைக்காட்சியில் ஒரு பத்தியாளர் சொன்ன பிறகு. முதலாளியின் அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

இந்த ஊசலாட்டத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். முதலில் கனவு வேண்டும் என்றீர்கள். கனவுக்குச் செலவாகிறது என்றதும் நிதானம் வேண்டும் என்றீர்கள். நிதானம் லாபம் கொடுத்து முடித்ததும் அலுத்துப்போய்விட்டது, பரபரப்பு வேண்டும் என்றீர்கள். ஒவ்வொரு முறையும் முந்தையவர் கட்டியதை மொத்தமாக இடித்துவிட்டு வெறும் தரையிலிருந்து தொடங்கினீர்கள். மிரபெல்லாவைப் பலர் படைப்பாற்றல் இல்லாதவர் என்று ஒதுக்குவதை நான் கேட்டிருக்கிறேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. பெண்கள் கூட்டம் கூட்டமாக அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள், அவர்களுக்கு உடுத்த ஒரு மொழி வேண்டும் என்று எல்லாரும் கவனிப்பதற்கு முன்பே கவனித்ததும் கற்பனைதானே? அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வ்ரீலண்டை வெளியேற்றிய பிறகு என்ன ஆயிற்று? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் ஆடைப் பிரிவுக்கு அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டது, அவர் நடத்திய கண்காட்சிகளுக்குக் கூட்டம் அலைமோதியது. அவருடைய கற்பனை தீர்ந்துபோயிருக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று இந்தச் செலவு வேண்டாம், இதை வேறு விதமாகச் செய்யலாம் என்று சொல்லக்கூடிய, அவர் மதிக்கக்கூடிய ஒரு ஆளை நிறுவனம் கொடுக்கவில்லை. உங்கள் வேலை அங்கே இருந்தது.

மிரபெல்லாவின் இடத்துக்கு வந்த அன்னா வின்டூரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது, நீங்களும் அவரைத்தான் எதிர்பார்த்துப் படித்துக்கொண்டிருப்பீர்கள். 1988 நவம்பரில் வந்த அவருடைய முதல் வோக் அட்டை எல்லாருக்கும் தெரியும். அதுவரை அட்டை என்றால் ஸ்டூடியோவில் நெருக்கமாக எடுத்த, மேக்கப் கச்சிதமான ஒரு முகம். இவர் வைத்ததோ தெருவில் நடந்து வரும் இஸ்ரேலிய மாடல் மிகேலா பெர்கு, காற்றில் பறக்கும் முடி, பாதி மூடிய கண், மேலே பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லக்ருவாவின் கல் பதித்த விலையுயர்ந்த ஜாக்கெட், கீழே 50 டாலர் ஜீன்ஸ். ஜாக்கெட்டோடு சேர்ந்த பாவாடை மாடலுக்குப் பொருந்தவில்லை, அதனால் ஜீன்ஸ். அட்டைக்கென்று எடுத்த படமும் இல்லை அது. அச்சகத்திலிருந்து போன் செய்து, ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாம் வின்டூரின் துணிச்சலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறு சில பேரும் தெரிகிறார்கள். பாவாடை பொருந்தவில்லை என்றதும் ஜீன்ஸைப் போட்ட ஸ்டைலிஸ்ட் (படப்பிடிப்புக்கு உடைகளைத் தேர்ந்து அணிவிப்பவர்) கார்லின் செர்ஃப் த டுட்ஸீல், அதைத் தெருவில் வைத்து எடுத்த பீட்டர் லிண்ட்பெர்க். படப்பிடிப்பில் திட்டம் தவறும்போது வேறு ஒன்றைச் செய்து பார்க்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. ஆசிரியரிடம் அதைக் காட்டினால் திட்டு விழுமோ என்று ஒளித்து வைக்கவில்லை. அவரும் மேசையில் விரித்த படங்களில் அட்டைக்கு இதுதான் என்று கை வைத்தார். எத்தனை அலுவலகங்களில் அந்தப் படம் மேசைக்கே வந்திருக்காது, நினைத்துப் பாருங்கள். திட்டத்தில் இல்லாததை எடுத்து வந்தால் அவமானப்படுத்தும் ஆசிரியரிடம் யாரும் அப்படிப் படத்தை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

வின்டூரோடு அதே 1988-ல் அமெரிக்க வோக்குக்கு வந்தவர் கிரேஸ் காடிங்டன். மாடலாக இருந்து ஸ்டைலிஸ்ட் ஆனவர், பின்பு கலைப் படைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்து 2016 வரை அதில் இருந்தவர். இருவருக்கும் ரசனை வேறு, வேகம் வேறு. காடிங்டன் கதை சொல்லும் படங்களை நேசிப்பவர், நிறையப் பக்கம் கேட்பவர். வின்டூர் சட்டென்று வெட்டுபவர். காடிங்டன் உயிரைக் கொடுத்து எடுத்த பக்கங்கள் வெட்டுப்பட்டதும் உண்டு, அதற்காக அவர் வெளிப்படையாக வாதாடியதும் உண்டு. அப்படியிருந்தும் கிட்டத்தட்ட முப்பது வருடம் சேர்ந்து வேலை செய்தார்கள். தன்னோடு உரக்க முரண்படக்கூடிய ஒருவரை இவ்வளவு காலம் பக்கத்திலேயே வைத்திருக்கும் ஆசிரியரைத் தேடுங்கள் என்று கேட்கிறேன். உங்கள் நேர்காணல் அறையில் எல்லாரும் இனிமையாகத்தான் பேசுவார்கள், அங்கே இது தெரியாது.

அதே சமயம் ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரம் இவ்வளவு காலம் இருந்ததன் விலையையும் மறைக்க வேண்டாம். 1892-ல் தொடங்கிய பத்திரிகையின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர் எடுக்க 2018 செப்டம்பர் வரை, 126 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எடுத்த டைலர் மிட்சலுக்கு அப்போது வயது 23. 2020 ஜூனில் வின்டூர் தன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பினப் படைப்பாளிகளுக்கு வோக் போதிய இடம் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு பொறுப்பும் ஏற்றார். அது நேர்மைதான். ஆனால் அந்த 126 வருடத்தில் நிர்வாகக் குழுக்கள் எத்தனையோ முறை கூடியிருக்கும், விற்பனையைக் கேட்டிருக்கும், விளம்பர வருவாயைக் கேட்டிருக்கும். அட்டையை எடுத்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இத்தாலி வோக்கின் ஃபிராங்கா சொஸானியிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. அவரும் 1988-ல்தான் ஆசிரியர் ஆனார், 2016 டிசம்பரில் இறக்கும் வரை அந்த இடத்தில் இருந்தார். இத்தாலிய மொழியை வெளியே படிப்பவர்கள் குறைவு, ஆகவே படமே பேச வேண்டும் என்று முடிவு செய்து, ஸ்டீவன் மைசெல் என்ற ஒரே புகைப்படக்காரரிடம் வருடக்கணக்கில் அட்டைகளை ஒப்படைத்தார். 2008 ஜூலை இதழில் பேஷன் பக்கங்கள் முழுக்கக் கறுப்பின மாடல்கள்தான். கறுப்பின முகம் போட்டால் விற்காது என்று தொழிலில் எல்லாரும் வேதம் போல ஓதிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடியும் அச்சடிக்க வேண்டி வந்தது. 2010-ல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவை வைத்து அவர் போட்ட பக்கங்களைப் பலர் திட்டினார்கள், துயரத்தை அலங்காரமாக்கிவிட்டார் என்றார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் அவரை அவருடைய நிறுவனம் தூக்கி எறியவில்லை. 2008-ன் அந்த இதழ் அவர் ஆசிரியரான இருபதாம் வருடத்தில் வந்தது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்களைக் காட்டு, ஒன்றரை வருடத்தில் மாற்றம் தெரியாவிட்டால் கிளம்பு என்று ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்படும் ஒருவரால் அப்படி ஒரு இதழை யோசிக்கவே முடியாது. மைசெல் போன்ற ஒருவரோடு நம்பிக்கை வளரவே அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன், கீழ்நிலைப் பணியிடங்கள்.

எட்னா வுல்மன் சேஸ் 1895-ல் வோக்கில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை, உறைகளில் முகவரி எழுதுவது. 1914-ல் ஆசிரியர் ஆனார், 1952 வரை நடத்தினார். அவர் பொறுப்பேற்ற வருடமே உலகப் போர் வந்து, பாரிஸிலிருந்து புது உடைகள் வருமா என்பதே சந்தேகமாயிற்று. பாரிஸ் இல்லை என்றால் பக்கத்தில் போட ஒன்றுமில்லை என்ற நிலை. அவர் என்ன செய்தார் தெரியுமா? நியூயார்க் தையல்கலைஞர்களையும் கடைகளையும் கூட்டி, அவர்களுடைய உடைகளை மாடல்கள் போட்டு நடந்து காட்டும் ஒரு நிதிதிரட்டு விழாவையே நடத்திவிட்டார், வசூல் போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு. பத்திரிகைக்குப் பக்கம் கிடைத்தது, உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பெயர் கிடைத்தது. பாரிஸ்காரர்கள் கோபித்துக்கொண்டதும் அவர்களைச் சமாதானப்படுத்த அடுத்த வருடம் அவர்களுக்கென்று ஒரு விழா எடுக்க வேண்டி வந்தது. முகவரி எழுதும் மேசையிலிருந்து அந்த நாற்காலி வரை ஒவ்வொரு படியாக ஏறியவருக்குத்தான் யாரைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

பிரிட்டிஷ் வோக்கின் ஆட்ரி விதர்ஸும் அப்படித்தான். துணை ஆசிரியராக நுழைந்து, 1940-ல், லண்டன் மேல் குண்டு விழத் தொடங்கிய வருடத்தில், ஆசிரியர் ஆனவர். காகிதத்துக்கு ரேஷன், துணிக்கு ரேஷன். 1941-ல் சிசில் பீட்டன் எடுத்த ஒரு படத்தில், இடிந்து கிடக்கும் லண்டன் கட்டடத்தின் முன்னால் கச்சிதமான சூட் அணிந்த ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நின்று இடிபாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புகைப்படக்காரர் லீ மில்லர் பத்திரிகைக்காகப் போர்முனையிலிருந்து அனுப்பிய படங்களையும் எழுத்தையும், நார்மண்டியின் கள மருத்துவமனை உட்பட, பேஷன் பக்கங்களோடு சேர்த்தே வெளியிட்டார். இதெல்லாம் பேஷன் பத்திரிகையில் எதற்கு என்று கேட்கக்கூடியவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். தன் வாசகியின் தலைக்கு மேல் விமானம் பறக்கிறது என்று தெரிந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். 2020-ல் அதே பத்திரிகையின் ஆசிரியராக இருந்த எட்வர்ட் எனின்ஃபுல், பெருந்தொற்றுக்கு நடுவே ஜூலை இதழின் அட்டைகளில் ஒரு ரயில் ஓட்டுநரையும் ஒரு பேறுகாலச் செவிலியரையும் ஒரு சூப்பர்மார்க்கெட் ஊழியரையும் அவர்களுடைய வேலை உடையிலேயே போட்டது எனக்கு இந்த வரிசையில்தான் சேருகிறது. அவரும் பதினெட்டு வயதிலேயே ஐ-டி பத்திரிகையில் பேஷன் இயக்குநராகி, கையைச் சுட்டுக்கொண்டு தொழில் கற்றவர்.

நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? முதலில் வெட்டுவதே உதவியாளர் பணியிடங்களை. மிச்சமிருக்கும் வேலையைச் சம்பளமில்லாப் பயிற்சி என்ற பெயரில் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கிறீர்கள். சம்பளமில்லாமல் ஒரு பெருநகரத்தில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? வீட்டில் வசதி உள்ளவர்களால்தான். அவர்களில் திறமைசாலிகள் இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்து வருடம் கழித்து உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்களாக இருக்கும்போது, பக்கங்கள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஆலோசனை நிறுவனத்துக்குக் காசு கொடுத்துக் கேட்கிறீர்கள். காரணம் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறது.

அப்புறம் அந்த பயம். பெரிய ஆசிரியர் என்றால் ஆட்களை நடுங்க வைக்க வேண்டும், லிஃப்டில் அவரோடு யாரும் ஏறக்கூடாது, கோட்டைத் தூக்கி மேசையில் எறிய வேண்டும் என்று ஒரு பிம்பம் ஊருக்குள் உலவுகிறது. உங்களில் சிலர் அதை ஒரு தகுதியாகவே பார்க்கிறீர்கள் என்பது வருத்தமான உண்மை. நான் அப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். நல்ல கண் உள்ளவர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவருடைய திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் புதிதாக ஒரு யோசனையையும் சொன்னதில்லை. போன வருடம் அவர் பாராட்டியதையே வேறு நிறத்தில் கொண்டுபோய் வைப்போம். ஒரு புகைப்படக்காரரைப் பரிந்துரைத்து அது அவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு மாதம் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், ஆகவே எல்லாரும் ஏற்கெனவே அவருக்குப் பிடித்த நான்கு பெயர்களையே திருப்பித் திருப்பிச் சொல்வோம். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமான, ஒழுங்கான குழு. உள்ளே எல்லாரும் தங்கள் நல்ல யோசனைகளை அடுத்த வேலைக்கு என்று சேர்த்து வைத்துக்கொண்டிருந்தோம். கறாராக இருப்பது வேறு. ஒரு படப்பிடிப்பு முழுவதையும் இது சரியில்லை என்று ஒதுக்கும் உரிமையும் கடமையும் ஆசிரியருக்கு உண்டு. ஏன் ஒதுக்கினேன் என்று அதை எடுத்தவரிடம் உட்கார்ந்து சொல்லத் தெரிந்தவரிடம்தான் அடுத்த மாதம் நல்ல படம் வரும்.

கடைசியாக, நாற்காலியையே நீங்கள் சின்னதாக்கிக்கொண்டு வருவதைப் பற்றி. பல நாட்டுப் பதிப்புகளில் ஆசிரியரை எடுத்துவிட்டு, எங்கோ இருக்கும் உலகத் தலைமைக்குக் கட்டுப்பட்ட உள்ளடக்கப் பொறுப்பாளரை வைக்கிறீர்கள். 2021-ல் வோக்கின் பாரிஸ் பதிப்பிலேயே இது நடந்தது, 2025-ல் வின்டூர் அமெரிக்கப் பதிப்பின் அன்றாடப் பொறுப்பை விட்டபோதும் அதே ஏற்பாடுதான். அட்டையும் முக்கியக் கட்டுரைகளும் நாடு நாடாகப் பகிரப்படுகின்றன. செலவு குறைகிறது என்பது புரிகிறது. காகிதம், அச்சு, கடை விற்பனை எல்லாம் சுருங்கிய காலத்தில் யாருக்கும் பணம் மரத்தில் காய்க்கவில்லை என்பதும் தெரியும். ஆனால் ஒரு யோசனைக்கு ஆறு பேர் இரண்டு கண்டங்களில் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தால், விளையாட்டுப் புகைப்படக்காரரிடம் நீச்சலுடையைக் கொடுக்கலாமா என்ற மின்னஞ்சல் மூன்றாவது ஆளிடமே செத்துப்போகும். யார் மறுத்தார் என்றுகூடத் தெரியாது. பகிர வேண்டியதைப் பகிருங்கள், ஆனால் ஒவ்வொரு இதழிலும் ஒரு கணிசமான பகுதியாவது அந்த ஊரில் இருக்கும் ஆசிரியர் தன் பொறுப்பில், யாரிடமும் கேட்காமல், தன் ஆட்களை வைத்துச் செய்வதாக இருக்கட்டும். அது தோற்றால் அவரைக் கேளுங்கள். ஜெயித்தாலும் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

விளம்பரதாரர் விஷயத்திலும் இதே பேச்சுதான். எந்தப் பையை எந்தப் பக்கத்தில் எத்தனை முறை காட்ட வேண்டும் என்று விற்பனைப் பிரிவிலிருந்து பட்டியல் வருவது ஊரறிந்த ரகசியம். பத்திரிகை ஓட விளம்பரம் வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டே அழகான பக்கம் செய்யும் ஸ்டைலிஸ்டுகளை எனக்குத் தெரியும், அதுவும் ஒரு கலை. நான் கேட்பது, அந்தப் பட்டியலை ஆசிரியர் திருப்பி அனுப்பினால் அன்று சாயங்காலம் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள் என்பதை நியமனத்துக்கு முன்பே, எழுத்தில், சொல்லிவிடுங்கள் என்பதுதான். வேலையில் சேர்ந்து மூன்றாம் மாதம் அதைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர் பிறகு எதற்கும் எதிர்த்து நிற்க மாட்டார், நீங்களும் அவரை ஆசிரியர் என்று நம்பி எதையும் கேட்க முடியாது.

ஆக, அடுத்த முறை நேர்காணலுக்கு வருபவரிடம் பின்தொடர்வோர் எண்ணிக்கையையும் ஐந்து வருடத் திட்ட ஸ்லைடுகளையும் கேட்பதற்கு முன்னால், யாரும் வேலை கொடுக்காத நேரத்தில் நீங்கள் முதல் வாய்ப்பு கொடுத்தவர்களின் பெயர்களை எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். புகைப்படக்காரர், ஸ்டைலிஸ்ட், எழுத்தாளர், உதவியாளர், யாராக இருந்தாலும் சரி. ஒருவரும் இல்லையென்றால் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இருந்தால், அந்தப் பெயர்களில் சிலரை நீங்களே போனில் கூப்பிட்டு, அவர் உங்கள் வேலையை வேண்டாம் என்று ஒதுக்கிய நாளில் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், மறுபடியும் அவரிடம் வேலை செய்வீர்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
இந்தப் பக்கங்களில் வளர்ந்த ஒரு துணை ஆசிரியர்